கோங் அத்தையின் கூடை

அன்புள்ள அம்மா,

ஊர் திரும்ப முடியாமல் நீங்கள் தங்கியிருக்கும் குவாங்சோ விடுதியில் ஒழுங்காகச் சாப்பாடு கிடைக்கிறதா? வூஹானில் இன்னும் ஊரடங்குதான்; மருந்துக்கடைக்கும் போக முடியாது. குடியிருப்புக் குழு மூட்டை மூட்டையாக முட்டைக்கோஸ் கொடுத்ததில் ஃபிரிட்ஜ் நிறைந்துவிட்டது. அதனால் அப்பா என் கடைசி இன்சுலினைப் பால்கனியில், புத்தாண்டுக்குத் தொங்கவிட்ட உப்புமீனுக்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் பார்த்தால் இரவுக் குளிரில் உறைந்து வீணாகிக் கிடந்தது. அவரைத் திட்டாதீர்கள்.

யாரிடமாவது இன்சுலின் இருக்கிறதா என்று பால்கனியில் நின்று கத்திக் கேட்டேன், அம்மா. நான்!

மேல்வீட்டுக் கோங் அத்தை எட்டிப் பார்த்தார். "அடியே, உனக்கு வாய் இருக்கா? ஊமைன்னுல்ல நெனச்சேன்! எனக்கும் அதே மருந்துதான். இந்தா, கூடையப் பிடி."

கயிற்றில் கட்டிய கூடையில் ஒரு இன்சுலின் ஊசிப்பேனா இறங்கியது. இப்போது நன்றாக இருக்கிறேன்.

அத்தைக்கு எத்தனை மீதி இருக்கிறது என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை.

உங்கள் மகள்