இளநங்கையார் தைக்க எண்ணிய போர்வை குறித்து

நலம் நிலைக்க. கடலும் கழியும் காவலாய் நிற்கச் சங்குத்துறை நாட்டைத் தனியரசாய் ஆளும் பெருமகளார் கோதைநாச்சியார் திருமுன்பு, குளிர்வரை நாட்டு வேந்தர் விண்ணன்கோ ஆணையால் அமைச்சன் சாத்தன் பூதி பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் குறையாதிருக்க. தங்கள் குடிகள் உப்பும் நெல்லும் பெருகி வாழ்க.

தங்கள் தங்கையாரும் எம் அரசியாருமான இளநங்கையார், கருவுற்றிருந்த நாளில், பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தம் கையாலேயே ஒரு போர்வை தைக்க எண்ணினார். பெரிய வேலைப்பாடு எதையும் அவர் விரும்பவில்லை. பழந்துணியைச் சாண் சதுரமாக வெட்டி, வெளிறிய துண்டும் அடர்ந்த துண்டும் மாறி மாறி வருமாறு மூட்டி, உள்ளே இலவம்பஞ்சு பரப்பி, அடியில் நைந்த பருத்தி கொடுத்துத் தைத்தால் போதும் என்றார். பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த பாவாடைகளையும், அவற்றை மூட்டை கட்டிவந்த துணியையும்கூட வெட்டித் தரையில் பரப்பினார். ஒன்றை எடுத்து ஒன்றை வைப்பார். தள்ளி நின்று பார்ப்பார். மனம் ஒப்பாமல் மறுபடி மாற்றுவார். நடுவில் மட்டும் ஒரு சதுரத்தை வெறுமையாய் விட்டிருந்தார். தாயில்லாத தம்மை இடுப்பில் சுமந்து வளர்த்த தமக்கையார் உடுத்திப் பழகிய துணிதான் அவ்விடத்துக்கு வேண்டும் என்று தூதனிடம் சொல்லி அனுப்பினார்.

தங்களிடமிருந்து வந்ததோ பொதி பொதியாய்ப் புதுப்பட்டு. வேந்தன் மனைவி கந்தல் தைக்கிறாள் என்று மலைநாட்டார் நகைப்பர், அது நம் குலத்துக்கு இழுக்கு என்ற சொல்லும் அதனுடன் வந்தது. அவையில் அதைக் கேட்ட அரசியார், தங்கள் தூதனுக்குரிய வரிசையைக் குறைவின்றிச் செய்து அனுப்பிவிட்டு, உள்ளே போய்த் துண்டுகளையெல்லாம் வாரி மூட்டையாகக் கட்டினார். பட்டிலேயே தைத்தால் என்ன என்று வேந்தர் சொல்லிப் பார்த்தார்.

"பட்டு இங்கேயும் இருக்கிறது. அக்காள் உடுத்தியதுதான் இல்லை" என்றார் அரசியார். அதன்பின் அவர் ஊசியைத் தொடவில்லை.

இப்போது தாங்கள் மனம் இளகி அனுப்பிய நீலச் சேலை வந்து சேர்ந்தது. போர்வை முடிந்ததா, பிள்ளை அதில் உறங்குகிறதா என்று ஓலையில் வினவியிருக்கிறீர்கள். இதை எழுத நேர்ந்ததற்கு அடியேனைப் பொறுத்தருள வேண்டும். பிள்ளை இல்லை. குறைமாதத்தில் பிறந்த ஆண்மகவு, மருத்துவர் அறிந்த யாவும் செய்தும், ஒருநாள் பொழுதுகூட நிற்கவில்லை. போர்வை எதுவும் அவ்வுயிரைக் காத்திராது என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். ஆயினும் அம்மகவைப் புதுப்பட்டில் சுற்றி மண்ணுக்குக் கொடுத்தோமே என்பதுதான் அரசியார்க்கு இன்னும் ஆறவில்லை.

சேலையை அவரிடம் அடியேனே கொடுத்தேன். அவர் அதை வெட்டவில்லை. முகத்தில் வைத்திருந்தார், பிறகு தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். தமக்கையார்க்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "கிடைத்தது என்று எழுதுங்கள்" என்றார்.

ஆதலால் வேந்தர் ஆணை இது: மழை விட்டதும் கணவாய் வாயில் தங்களுக்காகத் திறந்திருக்கும். காவலர் முரசு அறையார். குடையும் கொடியும் எடார். தங்களை நேரே அரசியாரிடம் அழைத்துவருவர். அரசியார் தங்களை அழைக்கவில்லை, கேட்டாலும் அழைக்கமாட்டார். வேந்தர் அழைக்கிறார்.

இவ்வோலை தங்கள் கையிலன்றிப் பிறர் கையில் பிரியாதிருக்க. மலைமுடிப் பொறி ஒற்றியது.