ஆர்கனுக்குக் காற்று

ஆகஸ்ட் 3, 1978. வியாழன்
புழுக்கம். மதியம் நாலு தூற்றல், அவ்வளவுதான். இவருக்கு மறுபடி மூச்சிழுப்பு. இனி கோயிலில் துருத்தி அடிக்கவே கூடாதென்று டாக்டர் கண்டிப்பு. கல்யாணமான நாளிலிருந்து நான் ஆர்கன் வாசிக்க, இவர் அதன் பின்னால் நின்று துருத்தி அடிப்பார். துருத்தியிலும் இப்போது கிழிசல்; வேறு யார் அடித்தாலும் பாதிப் பாட்டில் மூச்சு வாங்குகிறது, எனக்கல்ல, ஆர்கனுக்கு.
பங்குச்சாமியார் சொல்கிறார்: "மாதா திருநாளுக்குள்ள சரியாவலன்னா ஆர்மோனியமே போதும் டீச்சர். ஆர்கன் குழாயெல்லாம் எடைக்குப் போட்டுரலாம்."
எடைக்காம்!

ஆகஸ்ட் 8
வாங்க: சீயக்காய், உளுந்து, இவருக்கு மாத்திரை.
மெக்கானிக் வேலை பார்க்கும் என் தம்பி அந்தோணி, குரும்பகரம் ரைஸ்மில்லில் சும்மா கிடந்த உமி ஊதும் புளோயரைக் கழுவிக் கொண்டுவந்தான். ஆர்கன் இருக்கும் கோயில் மாடியில் வைத்தால் இரைச்சல். அதனால் கீழே, பூசை உடுப்பு அறையில். அங்கிருந்து தகரக்குழாய் மேலே. துருத்திக் கிழிசலுக்கு ஆட்டுத்தோல். இவர் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம்: "மடிப்புல இழுத்து ஒட்டாதடா, விட்டுரும்."

ஆகஸ்ட் 12
ஒத்திகை. ஸ்விட்ச் போட்டு, கை வைத்தேன். குழாய்களெல்லாம் புகை விட்டன! பாட்டுக்காரப் பெண்கள் புதுமையென்று முழங்காலில். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.
கீழே பார்த்தால், பூசைக்கு எடுபிடி செய்யும் கோயில்பிள்ளை தூபக்கலசத்தில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கிறார், புளோயர் வாய்க்கு நேரே. "நா என்னத்தக் கண்டேன், எப்பவும் இங்கதானங்க போடுறது!"
இவருக்குச் சிரித்துச் சிரித்து இழுப்பே வந்துவிட்டது. பயந்துபோனேன். காற்று எடுக்கும் வாயை ஜன்னலுக்கு வெளியே திருப்பியாயிற்று.

ஆகஸ்ட் 15. மாதா திருநாள்
காலையிலேயே வெயில். மணி அடித்ததும் இவர் பழக்கதோஷத்தில் மாடிப்படி ஏறப்போனார். "நீங்க கீழ உக்காருங்க" என்றேன். முகம் சுண்டிவிட்டது. முதல் பெஞ்சுக்குப் போனார்.
வாசித்தேன். காற்று தீரவே இல்லை. வருஷக்கணக்காக ஊமையாய் நின்ற பெரிய குழாய் வாய் திறந்தது. காலடியில் பலகை அதிர்ந்தது. ஆண்டவரே, இந்தப் பெட்டிக்குள்ளா இவ்வளவும் இருந்தது! சாமியார் பூசையின் நடுவே திரும்பி மேலே பார்த்தார். இனி எடைக்குப் போட மாட்டார்.
இறங்கி வந்தேன். கூட்டம் கலைந்துவிட்டது. முதல் பெஞ்சில் இவர் மட்டும், அழுதுகொண்டு.
"பின்னால நின்னா துருத்திக் கட்டை கிறீச்சுங்கறதும் என் மூச்சும்தான் கேக்கும். இத்தன வருஷமா நீ இதையா வாசிச்சிக்கிட்டிருந்த?"