மூஸ் இறைச்சி தின்றவர்கள்

வின்னிபெக்
29 செப்டம்பர் 1996

அன்பு அக்கா ஜெமைமாவுக்கு,

நீ விமானத்தில் ஏற்றிவிட்ட மூஸ் மான் இறைச்சி வந்து சேர்ந்தது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா, "இந்த நாத்தத்த என் அடுப்புல ஏத்தாதே" என்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'காட்டான்'. கடைக்குள் போனால் செக்யூரிட்டி பின்னாலேயே வருகிறான். நம் ஊரில் உயர்நிலைப் பள்ளி இருந்தால் எனக்கு ஏன் இந்தப் பாடு?

இறைச்சி வீணாகவில்லை. பஸ் நிறுத்தத்தில் பழக்கமான லெஸ்டர், அவனும் நம் க்ரீ பழங்குடி ஜனம்தான், தன் அறைக்குக் கூட்டிப்போனான். நாலு பேர் உட்கார்ந்து சட்டியைக் காலி செய்தோம். "உங்கக்கா எனக்கும் அக்காதான்டா, அடுத்த பொட்டலம் எப்போ?" என்கிறான்.

உன் தம்பி,
ஹோசியா

கூழாங்கல் ஏரி
14 அக்டோபர்

என் கண்ணே ஹோசியா,

படித்துவிட்டு அழுதேன். பிறகு பொட்டலம் கட்டினேன். அந்தம்மாவோடு வாயாடாதே, படிப்பு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொள். நம் வேட்டையில் பங்கு தின்றவர்கள் நமக்குச் சொந்தம். அம்மா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள். அவர்களைக் கைவிட்டுவிடாதே.

அக்கா

வின்னிபெக்
9 டிசம்பர்

அக்காவுக்கு,

கேள்விப்பட்டிருப்பாய். சிறார் காவல் இல்லத்திலிருந்து எழுதுகிறேன். நம் க்ரீ எழுத்து இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது.

பீட்ஸா கடையில் நாங்கள் நாலு பேரும் காசோடுதான் நின்றோம். பாதி மேசை காலி. "உங்களுக்கெல்லாம் இங்க இடமில்ல, கெளம்புங்க" என்றார் முதலாளி. மேசை துடைத்துக்கொண்டிருந்த பையன் சிரித்தான். எங்களைப் பார்த்துத்தானா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. நான் நாற்காலியை எட்டி உதைத்தேன். லெஸ்டர் பாட்டிலை வீசினான். பையனுக்கு ஒரு கண் போய்விட்டது, அக்கா. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நான் அவன் முகத்தில் என் சட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது பிடித்தார்கள்.

வீசியவன் பெயரைச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். வக்கீல் சொல்கிறார். நான் வாய் திறக்கவில்லை. நீதானே கைவிடாதே என்றாய்.

ஹோசியா

கூழாங்கல் ஏரி
18 டிசம்பர்

தம்பி,

சொல்லிவிடு. நான் எழுதியதை மறந்துவிடு. எனக்கென்று இருப்பது நீ ஒருத்தன்தான்டா. கண் போன பிள்ளைக்கும் வீட்டில் ஓர் அக்கா இருப்பாள். யார் செய்தது என்று அவளுக்காவது தெரிய வேண்டாமா? பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடு, ராஜா.

அக்கா

வின்னிபெக்
3 ஜனவரி 1997

அக்கா,

அந்தப் பையனை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. லெஸ்டர் செய்தது அநியாயம். அதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்வேன். ஆனால் இந்த ஊரில், "உள்ள வாடா" என்று எனக்குக் கதவைத் திறந்தவன் அவன் ஒருவன்தான். அவனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பாட்டிலை வீசியது நான்தான் என்று நேற்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

ஹோசியா