மூன்று பிரதி

எடிசன், நியூ ஜெர்சி
12-9-1999

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்து ஐந்து வாரமாகிறது, முதல் கடிதம் இப்போதுதான். திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் திட்டிவிடு. இரண்டாயிரமாவது வருடம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிப் போகாமல் இருக்க, பழைய நிரல்களில் வருடத்தைத் தேடித் தேடித் திருத்துகிறேன். அதுதான் இங்கே என் வேலை. சோறு நானே பொங்கிக்கொள்கிறேன். ரசம் மட்டும் உன் ரசம் மாதிரி வரமாட்டேன் என்கிறது.

பாபநாசம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் என்று நீ பேர் வைத்த மூன்று லினக்ஸும் ஒழுங்காக எழுகின்றனவா? திரையில் மூன்று சன்னலும் திறந்த பிறகு, கணக்கைச் சேரன்மகாதேவியில் எழுது. மற்ற இரண்டும் தாமாகவே ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளும். ஏதாவது ஒன்று மக்கர் பண்ணினாலும் மற்ற இரண்டில் இருக்கும். பத்து வருடமாக ஞாயிறுதோறும் படித்துறையில் இறங்கி, ஓரடிச் சதுரச் சட்டம் வைத்து நீ எண்ணிய ஆற்று நத்தைக் கணக்கு முழுக்க ஏற்றியாயிற்று. கோடை முழுக்க நீ நோட்டைப் பார்த்து வாசிக்க நான் தட்டினேன், என் முதுகு இன்னும் மறக்கவில்லை. இனி ஜனவரி முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு டாக்டர் பிரம்மநாயகி ஆக வேண்டியதுதான் பாக்கி. அந்த நோட்டு மூட்டைகளுக்கு இனி வேலையில்லை. வீட்டில் கால் வைக்க இடமாவது கிடைக்கும்.

ஒரு சின்ன விஷயம். வள்ளியூரில் என் சிநேகிதன் ஆரிப் எனக்காக இரண்டு பழைய கம்ப்யூட்டர் எடுத்து வைத்திருக்கிறான். அத்தான் அந்தப் பக்கம் போனால் வாங்கி வரட்டும். அவசரமில்லை.

உன் தம்பி,
சிவசண்முகம்

*

சேரன்மகாதேவி
26-9-1999

அன்புள்ள தம்பி சண்முகத்துக்கு,

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறவனுக்கு ரசம் எப்படி வரும்? புளியைக் குறைத்துப் போடு. நாங்கள் சுகம். அத்தான் நாங்குநேரிப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய் வந்து இடுப்பு வலி என்கிறார். அவருக்கு அது இல்லாவிட்டால்தான் நான் கவலைப்பட வேண்டும்.

நம் வீட்டு மிசின் பெயரெடுத்துவிட்டது. கல்லூரியிலிருந்து என்னோடு வேலை பார்க்கிற இரண்டு பேர் வந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்தை நிறுத்திக் காட்டினேன். கணக்கு அப்படியே இருந்தது. பாபநாசத்தையும் நிறுத்தினேன், அப்போதும் இருந்தது. "இதென்ன டீச்சர், மாயமால்லா இருக்கு" என்று வாய் பிளந்து பார்த்தார்கள். ஒரு பெட்டிக்குள்ளே எப்படி மூன்று என்று கேட்டார்கள். நானும் நீ போகுமுன் அதைத்தானே கேட்டேன்? "எல்லாம் உள்ளதான் இருக்கு, நீ நத்தைய மட்டும் எண்ணு" என்றாய். அதையே அவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே நோட்டுகளைப் பழைய பேப்பர் எடுக்கிற பலவேசம் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். மூன்று மூட்டை. தூக்கும்போது, "என்னம்மா, ஆத்து வாடைல்லா அடிக்கி" என்றார். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நீ சொல்லிவிட்டாயே என்று விட்டுவிட்டேன்.

நீ ஹாஸ்டலுக்குப் போன நாள் முதல் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எழுதுகிற வரி, அமெரிக்கா போனாலும் உனக்கு உண்டு.

ஆறு: காலை ஏழு மணி. தண்ணீர் 28 டிகிரி. ஓரடிச் சட்டத்துக்குள் நத்தை 22.

உன் அக்கா,
பிரம்மநாயகி

*

எடிசன்
10-10-1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நோட்டுகளைக் கொடுத்தேவிட்டாயா? பலவேசம் அண்ணாச்சி கடையில் இன்னும் கிடந்தால் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டுப் பார். பெரிய காரணம் ஒன்றுமில்லை. உன் கையெழுத்து, ஞாபகத்துக்கு இருக்கட்டுமே என்றுதான்.

ஆரிப் வீட்டு மிசின்களை அத்தான் இந்த வாரமே எடுத்து வந்தால் நல்லது. வந்ததும் எனக்கு எழுது, எதை எங்கே செருக வேண்டும் என்று படம் போட்டு அனுப்புகிறேன். இது உன் கைக்கு வரும்போது ஐப்பசி மழை தொடங்கியிருக்கும். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடு. ஞாபகமாகப் பிடுங்கிவிடு.

வேறு என்ன? புளியைக் குறைத்தேன். ரசம் பரவாயில்லை.

உன் தம்பி,
சிவசண்முகம்

*

சேரன்மகாதேவி
14-11-1999

அன்புள்ள தம்பி சண்முகத்துக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நீ என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீ அவ்வளவு சொல்லியும் நான் பிளக்கைப் பிடுங்காமல் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இடிதான். கீழே வந்து பார்த்தால் திரை கறுத்துக் கிடக்கிறது. மறுபடி போட்டேன். உள்ளே டிக் டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சன்னல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. நீ ராவும் பகலுமாக உட்கார்ந்து கட்டிக் கொடுத்ததை நான் ஒரு நிமிஷச் சோம்பலில் பாழாக்கிவிட்டேனே என்று மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அத்தான் சமாதானம் சொல்லுகிறார், கேட்கவில்லை.

ஆனாலும் தைரியமாக இருக்கிறேன். ஒன்று போனால் மற்ற இரண்டில் இருக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாயே. இடி விழுந்தது எதுவென்று தெரியவில்லை. மற்ற இரண்டையும் எப்படி எழுப்புவது என்று மட்டும் எழுது. நாளைக்கு ஜங்ஷன் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வன்னியராஜ் என்ற பையன் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கும் உதவியாக இருக்கும்.

வள்ளியூருக்கு அத்தானை நான்தான் அனுப்பவில்லை. மூன்று இருக்கும்போது நாலாவதும் ஐந்தாவதும் எதற்கென்று நினைத்தேன். நோட்டு மூட்டைகள் லாரி ஏறிவிட்டன.

ஆறு: வெள்ளம். கலங்கல். சட்டம் வைக்க முடியவில்லை.

உன் அக்கா,
பிரம்மநாயகி

*

எடிசன்
28-11-1999

அக்கா,

நீ எதையும் பாழாக்கவில்லை. பாழாக்கியது நான். டெலிபோன் கார்டு வாங்கி வைத்திருக்கிறேன். உன் பக்கத்து வீட்டு நம்பரை மூன்று தரம் பாதிவரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் மறுபடி ஏதாவது மழுப்பிவிடுவேன்.

எழுப்ப மற்ற இரண்டு இல்லை. இருந்தது ஒரே மிசின், அதற்குள் கணக்கு பதிகிற தட்டு, டிஸ்க், ஒன்றே ஒன்று. லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்குகிற நிரல்தான்; ஒரு லினக்ஸுக்குள்ளே மூன்று லினக்ஸ் தனித்தனிக் கம்ப்யூட்டரில் ஓடுவது போலக் காட்டுகிற மென்பொருள் ஒன்று இந்த வருடம்தான் வந்தது. அதில் போட்டு ஒத்திகை பார்த்தேன். நீ பாபநாசத்தை நிறுத்தினாய், சன்னல்தான் மூடியது. மூன்று பிரதியும் அந்த ஒரே தட்டில்தான் இருந்தன. தட்டு போனால் மூன்றும் போகும். இது எனக்கு முதல் நாளே தெரியும்.

ஒத்திகை முடிந்ததும் ஆரிப் வீட்டு மிசின்களைக் கொண்டுவந்து மூன்றையும் மிசினுக்கொன்றாகப் பிரித்து வைப்பதாகத்தான் இருந்தேன். வள்ளியூருக்குப் போய்வர அரை நாள். அந்த அரை நாளில் நான் டவுனுக்குப் போய்ப் பயணப் பெட்டி வாங்கினேன், அல்வா வாங்கினேன். நீ பெருமையாக மூன்று பேர் வைத்து, அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினாய். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போய் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எழுதியபோது நோட்டுகளுக்கு வேலையில்லை என்றல்லவா எழுதினேன்! அக்டோபரில் எல்லாம் தெரிந்துகொண்டே ஞாபகத்துக்கு என்று எழுதினேன். வெட்கமாக இருக்கிறது அக்கா. உன் பத்து வருடத்தை நான்தான் அழித்தேன்.

சண்முகம்

*

சேரன்மகாதேவி
12-12-1999

சண்முகம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. விஷயம் எனக்கு நவம்பர் பதினைந்தாம் தேதியே தெரியும். வன்னியராஜ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மூணு மிசினுன்னு யாருக்கா சொன்னது? ஒரே ஒரு டிஸ்க்குல்லா கெடக்கு, அதும் செத்துப் போச்சு" என்றான். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தை அன்று காலையில்தான் தபாலில் போட்டிருந்தேன். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. நீயாகச் சொல்லுகிறாயா என்று பார்ப்போம் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டாய். அந்த மட்டுக்குச் சந்தோஷம்.

கோபம் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. அரை நாள் போகாததுகூடப் பெரிதில்லை. ஒன்றுதான் இருக்கிறது, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நோட்டை வைத்திருப்பேனே. உன் பேச்சை நம்பி என் கையால் தூக்கிக் கொடுத்தேன். அதுதான் ஆறவில்லை. பேர் வைத்தபோதே எனக்கும் உறைத்திருக்க வேண்டும். மூன்றும் ஒரே ஆற்றுத் தண்ணீரில் நிற்கிற ஊர்கள்தானே.

ஜனவரிக்குள் கொடுக்க எதுவும் இல்லை. பதிவு காலாவதியாகும், புதிதாகத்தான் பதிய வேண்டும் என்று என் ஆய்வு வழிகாட்டி சொல்லிவிட்டார். பழைய கணக்கு கொஞ்சமாவது கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்றார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். பத்து வருடத்தில் உனக்கு இருநூறு கடிதத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, ஆற்றிலிருந்து வந்த கையோடு எழுதியவை. அவற்றின் அடி வரிகளை மட்டும் தேதியோடு எழுதி அனுப்பு.

பிரம்மநாயகி

*

எடிசன்
25-12-1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தின் அடியில் ஆறு இல்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

இந்த முறை நேராகவே சொல்லிவிடுகிறேன். கடிதங்கள் என்னிடம் இல்லை. ஏப்ரலில் மெட்ராஸ் அறையைக் காலி செய்தபோது பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். கணக்கெல்லாம் உன் நோட்டில்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். நீ என்னை நம்பி நோட்டைப் போட்டாய், நான் நோட்டை நம்பிக் கடிதத்தைப் போட்டேன்.

நீ கொடுத்த நெல்லையப்பர் காந்திமதி படம் இங்கே வந்து நாலு மாதமாகக் கட்டுப் பிரிக்காமலே கிடந்தது. நேற்று பிரித்தேன். மெட்ராஸில் கண்ணாடி உடையாமல் இருக்க உன் கடிதங்களைத்தான் சுற்றியிருக்கிறேன். பத்தொன்பது. தொண்ணூற்றாறு ஆடி முதல் தொண்ணூற்றேழு சித்திரை வரை. ஒன்றில் மட்டும் நத்தை பதினொன்றா பதினேழா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறேன், நானாக எதையும் ஊகிக்கவில்லை.

பத்தொன்பது வரிகளையும் கையால் மூன்று தரம் எழுதினேன். ஒன்று இதோடு இருக்கிறது. ஒன்றை அத்தானுக்கு நாங்குநேரிப் பள்ளி விலாசத்தில் தனித் தபாலாகப் போட்டேன். ஒன்று இங்கே என் மேசையில் இருக்கிறது. கடிதங்களும் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன.

இருநூறு கேட்டாய், பத்தொன்பதுதான் தர முடிந்தது. உன் கோபம் தீர வேண்டும் என்று கேட்க எனக்கு முகமில்லை.

உன் தம்பி,
சிவசண்முகம்

*

[விமான அஞ்சல் அட்டை]

சேரன்மகாதேவி
9-1-2000

ஆறு: காலை ஏழு மணி. தண்ணீர் 25 டிகிரி. ஓரடிச் சட்டத்துக்குள் நத்தை 14.

நோட்டில் ஒன்று, கல்லூரியில் ஒன்று எழுதி வைத்தாயிற்று. இது மூன்றாம் பிரதி. இதையாவது தொலைக்காமல் வை.

பி.