முத்திரை பிடிக்காத சான்றிதழ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். நீ சுகமாக இருப்பதை நேற்றுதான் போனில் கேட்டேன், இருந்தாலும் அதை விசாரிக்காமல் ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்குக் கை வரவில்லை. விசாவை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்துவிட்டார்கள் என்று நீ சொன்னதும் அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். முகம் கழுவினாராம். இருபது நிமிடம் யாராவது முகம் கழுவுவார்களா? இன்று காலை பஸ்ஸை எடுப்பதற்கு முன்பே டிப்போ முழுக்கச் சொல்லி முடித்திருக்கிறார்.

சான்றிதழை அனுப்ப ஏன் இத்தனை நாள் என்று நீ மூன்று முறை கேட்டாய், அலுவலகத்தில் கூட்டம் என்று மூன்று முறையும் சொன்னேன். கூட்டமெல்லாம் ஒன்றும் இல்லை. இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் நடந்ததைச் சொல்கிறேன், போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய். ஆறு மாத வகுப்புக்கு நகலே போதுமென்ற உன் மொழிப் பள்ளிக்காரர்கள், அடுத்த வருடத்துக்குப் பன்னிரண்டு வருடம் பள்ளியில் படித்ததற்கான அசல் சான்றிதழும் அதன் பின்பக்கம் கல்வி அலுவலக முத்திரையும் வேண்டும், மாதக் கடைசிக்குள் வராவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்கிறார்கள் என்று நீ சொன்ன அன்றே அலமாரியைத் திறந்தேன். சான்றிதழ் பளபளவென்று இருந்தது. இருக்காதா பின்னே, அது கைக்கு வந்த அன்றே நான் வேலை பார்க்கும் கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்தவள் நான்தானே. ஊரில் இருப்பவர்களின் பத்திரத்தையெல்லாம் அந்த மிஷினுக்குள் விட்டு எடுக்கிறேன், என் பிள்ளையுடையதை மட்டும் சும்மா வைப்பேனா? உருளையைத் துடைத்து, இருப்பதிலேயே கனமான ஷீட்டைப் போட்டு, ஒரு குமிழ்கூட விழாமல் எடுத்தேன்.

கல்வி அலுவலகப் பதிவறையில் இருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நம்பட்டும் என்றே பின்பக்கம் முத்திரையை ஒருமுறை குத்தி, கட்டைவிரலால் தடவிக் காட்டினார், மை அப்படியே வழித்துக்கொண்டு வந்துவிட்டது. "பிளாஸ்டிக் மேல எப்படிம்மா நிக்கும்?" என்றார். வேறொன்று கொடுங்கள் என்றால், "அதுக்கு இது தொலைஞ்சிருக்கணும், இல்ல படிக்க முடியாம சேதமாகியிருக்கணும். இது கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கே" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் அப்பா, "தொலைஞ்சிருச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கலாம்ல" என்கிறார். கையில் வைத்துக் காட்டிவிட்டு எப்படித் தொலைந்தது என்பது? "உன்ன யாரு காட்டச் சொன்னா" என்று அதற்கும் என்னையே பிடித்தார்.

மறுநாள் கடையில் ஷட்டரை ஏற்றியதும் அதைப் பிரிக்க உட்கார்ந்தேன். முதலாளி தம்பி, "வேணாங்க்கா, ஒட்டினத பிரிக்க வராதுன்னு வர்றவங்களுக்கெல்லாம் நீங்கதானே சொல்வீங்க" என்று தடுத்தார். கேட்டேனா? ஓரத்தை வெட்டி, மறுபடி மிஷினில் விட்டுச் சூடாக்கி, மூலையை நகத்தால் தூக்கினேன். இரண்டு விரல் அகலம் அழகாக வந்தது, ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அடுத்த இழுப்பில் உன் பெயரும் மதிப்பெண்ணும் பிளாஸ்டிக்கோடு போய்விட்டன, காகிதத்தில் வெள்ளைதான் மிச்சம். மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது. அன்று உன்னிடம் பேசும்போது சளி பிடித்திருக்கிறது என்றேனே, சளி இல்லை.

காகிதத்தையும் பிரிந்த பிளாஸ்டிக்கையும் எடுத்துக்கொண்டு திட்டு வாங்கத் தயாராக மறுபடி அந்த அம்மாவிடமே போனேன். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களே பண்ணீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லது. இப்பதான் விதிக்குள்ள வந்திருக்கீங்க" என்று ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார்! சேதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'விண்ணப்பதாரரின் தாய்' என்று எழுதிக் கொடுத்தேன், படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. ஐந்தாம் நாள் புதுச் சான்றிதழ் முத்திரையோடு கைக்கு வந்தது. உனக்கு வந்து சேர்ந்தது அதுதான்.

இனி வகுப்புகளைத் தவறவிடாதே. வருகை குறைந்தால் எந்தக் காகிதமும் காப்பாற்றாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். வேலைக்குப் போவதும் அவர்கள் அனுமதித்த மணி நேரத்தோடு நிற்கட்டும், கூடுதலாகக் கூப்பிட்டால் முடியாதென்று சொல்லப் பழகு.

இன்னொன்று. உன் மொழிப் பள்ளியில் நேராகக் கொடுத்துவிடு என்று ஒட்டிய உறை ஒன்றை அதோடு அனுப்பினேன் இல்லையா, பள்ளிப் படிப்பு முடிந்தபின் இரண்டு வருடம் ஏன் படிக்கவில்லை என்று பெற்றோரிடம் கேட்டிருந்த விளக்கம் அது. "உடம்பு சரியில்லன்னு ஒரு வரி எழுதினா போதும்" என்றார் அப்பா. யாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த இரண்டு வருடமும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்றுதான் சொல்லிவந்தேன். என் முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மகள் தூக்கி உட்காரவைத்தால்தான் உட்கார முடிகிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நீயும் அதே அறையில் என் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாய். விளக்கத்தில் உள்ளபடி எழுதிவிட்டேன், மொழிபெயர்ப்பாளரும் ஒரு வரி விடாமல் மாற்றிக் கொடுத்தார். யாரோ தெரியாத அதிகாரிக்கு முதலில் தெரிந்துவிட்டது, சொந்தபந்தங்களுக்குத் தெரியவில்லையே என்று இருந்தது. நேற்று உன் அத்தை போன் செய்து, "படிப்புல நாட்டமில்லன்னியே, இப்ப வெளிநாட்டுப் பாஷையெல்லாம் படிக்கிறாளா?" என்றாள். நான் அன்றைக்குச் சொன்னது பொய், அண்ணி, அவள் எனக்காக வீட்டில் இருந்தாள் என்றேன். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவவில்லை.

நான் எழுதிய விளக்கத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன், ஆற அமர உட்கார்ந்து படி. நன்றாக இரு, கண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை, அன்று போன் செய்ய மறக்காதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா