மஞ்சள் இறங்கிய வாரம்

14 ஜூன் 2007, வியாழன். ருவைஸ்

காலை 11.20. வெயில் 45. ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் கேஜ் சரிபார்க்கிற வேலை. மாமனார் போன்.

"பாப்பா நல்லாருக்கா மாப்ள. கோமதி போயிட்டா."

அந்த வரிசையில்தான் சொன்னார். முதலில் என் மகள், பிறகு என் மனைவி.

திங்கள்கிழமை ஆபரேஷன். கோமதியின் ஈரலில் ஒரு துண்டு எடுத்துப் பாப்பாவுக்கு வைத்தார்கள். நேற்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாளாம். இன்று பாத்ரூம் போகும்போது விழுந்திருக்கிறாள். நுரையீரலில் ரத்தக்கட்டி.

போனை வைத்துவிட்டு மீதி மூன்று ரீடிங் எடுத்தேன். எல்லாம் சரி. கையெழுத்தும் போட்டேன். அப்புறம்தான் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். "பைட்டோ பாய், பைட்டோ." நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

15, வெள்ளி

பாஸ்போர்ட் கம்பெனியின் அபுதாபி ஆபீஸ் அலமாரியில். இன்று லீவு. சாவி வைத்திருக்கிற பி.ஆர்.ஓ. வீட்டிலிருந்து வந்து திறந்து தர வேண்டும். டிக்கெட் நாளைக்குத்தான். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கோமதியை ஐஸில் வைத்திருக்கிறார்கள், எனக்காக.

ரூம் முழுக்க ஆட்கள். ரூம்மேட் அண்ணாச்சி: "பிள்ள பொழச்சிட்டுல்லா. அத நெனச்சிக்க தம்பி." எல்லோரும் இதையேதான்.

எடை பார்த்தேன். 79. மார்ச்சில் 88.

மார்ச் லீவில், ஈரல் கொடுக்க முதலில் என்னைத்தான் டெஸ்ட் செய்தார்கள். ஈரலில் கொழுப்பு. "எடைய குறைச்சிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர். பிறவியிலேயே பித்தக்குழாய் அடைத்த பிள்ளை. ரெண்டாம் மாதம் செய்த ஆபரேஷன் பலன் தரவில்லை. கண், நகம், எல்லாம் மஞ்சள். இருந்தாலும் மூன்று மாதம் தாங்குவாள் என்று நினைத்தேன். டியூட்டி முடிந்து கேம்பைச் சுற்றி ஆறு ரவுண்டு. சாப்பாட்டுக்குப் பதில் வெள்ளரிக்காய். "என்னல, சினிமால நடிக்கப் போறியா?" இதே அண்ணாச்சி.

மே கடைசியில் பாப்பாவுக்கு வயிறு வீங்கிவிட்டது. கோமதி போனில்: "நீங்க எளைக்கிற வரைக்கும் இவ தாங்க மாட்டா. நான் ஒல்லிதான, நான் குடுக்கேன்."

சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

ரெண்டு பேரில் யார் வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

16, சனி. அபுதாபி ஏர்போர்ட்

வெளியே புழுதி. ஒரு சாக்ஸ் கறுப்பு, ஒன்று நீலம்.

வரிசையில் பின்னால் நின்றவர்: "அண்ணே, பெட்டியே இல்லையா? ஊருக்கு வெறுங்கையோடவா போறீங்க? அப்ப இந்த டிவிய உங்க பேர்ல போட்டுக்கிடவா?"

போடுங்கள் என்றேன். போர்டிங் வரை நன்றி சொல்லிக்கொண்டே வந்தார்.

கோமதி தினமும் ஒரு மணிக்குப் போனைப் பாப்பா காதில் வைப்பாள். நான் வாய்க்கு வந்ததைப் பேசுவேன். கேட்டதும் பாப்பா காலை உதைப்பாளாம். பிறந்த இந்த ஒன்பது மாதத்தில் அவளுக்கு என்னை அதிகம் தெரிந்தது அந்தக் குரலாகத்தான்.

இன்று ஒரு மணிக்குச் சங்கரி, கோமதியின் தங்கை.

"அத்தான், ஐசியூல அஞ்சு நிமிஷம் உள்ள விட்டிருக்காங்க. மஞ்சள்லாம் எறங்கிட்டு அத்தான். கண்ணு நல்லா வெள்ளையா இருக்கு. அப்படியே அக்கா கலரு. அழுதுட்டே கெடக்கா. உங்க சத்தம் கேட்டா நிப்பாட்டுவா. காதுல வைக்கேன், பேசுங்க."

அழுகை. பிறகு சின்னதாக மூச்சு.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

அழுகை தானாகவே நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அத்தான்? லைன்ல இருக்கீங்களா?"

கட் செய்தேன். திரும்ப அடித்தாள். திரும்பவும்.

போனை அணைத்துவிட்டேன்.