அவருக்கு வைத்த கோப்பி

2024 ஜனவரி 21, ஞாயிறு

இன்று அவருடைய தெவசம். வீட்டில் இருந்தவர்கள்: மகன் கணேஸ், மருமகள் தவமணி, பேத்தி நிலூஷா, அவருடைய தங்கச்சி வீரம்மா, நான். படத்தில் அவர். புருஷன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. அதனால் இங்கே எழுதவும் இல்லை.

சோறு, வடை, சுருட்டு, நான் வறுத்து இடித்த கோப்பி எல்லாம் படைத்தோம். கற்பூரம் அணைந்ததும் படையல் கோப்பியை வீரம்மா எடுத்தாள். கூடப் பிறந்தவள், எடுக்கலாம். ஒரு வாய் குடித்தாள். கிளாசைக் கீழே வைத்தாள். படத்தைப் பார்த்து, “பாவம் எங்கண்ணன்” என்றாள்.

வடையை மட்டும் கேட்டு வாங்கித் தின்றாள்.

ஜனவரி 22

பாவம் என்றால் எதற்குப் பாவம்? செத்ததற்கா? செத்து வருஷங்கள் ஆகிவிட்டன, இப்போதுதானா பாவம்? கோப்பியைத்தான் சொல்லியிருக்கிறாள்.

என் கல்யாணப் பந்தியில் எல்லா இலைக்கும் அப்பளம் வைத்துக்கொண்டே வந்து, என் இலையைத் தாண்டிப் போனவள் இவள். எழுபத்தெட்டாம் வருஷம். மஞ்சள் தாவணி. கேட்டால் ஞாபகமில்லை என்பாள். எனக்கு இருக்கிறது.

அவருக்கு நாவலப்பிட்டி ரயில்வே ஸ்டேஷனில் வேலை. விடிய வேலைக்குப் போகும்போது பிளாஸ்க்கில் கோப்பி ஊற்றிக் கொடுப்பேன். சாயந்தரம் காலியாக வரும். “நல்லாருக்கு” என்பார். ஒரு நாள்கூட மீதி வந்ததில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆடி அமாவாசைக்கு வீரம்மா வருவாள். அன்று அவள் இன்னொரு கிளாஸ் கேட்க வேண்டும். கேட்க வைக்கிறேன்.

ஜனவரி 28

வீட்டுக்குப் பின்னால் நிற்கிற கோப்பிச் செடிதான். முன்பெல்லாம் பச்சை, சிவப்பு என்று பார்க்காமல் கிளையோடு உருவிவிடுவேன். இன்று சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்தேன்.

“என்ன மாமி, ஒவ்வொண்ணா பேசிப் பேசிப் பறிக்கிறீங்க?” என்றாள் தவமணி.

பேசவில்லை. வீரம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10

காய்ந்ததை உரலில் போட்டுத் தோல் நீக்கி வறுத்தேன். வழக்கம்போல் கரியாகும் வரை விடவில்லை. மண்சட்டி நிறம் வந்ததும் இறக்கிவிட்டேன். கொத்தமல்லியும் சேர்க்கவில்லை. இடித்து டின்னில் போட்டு, அடுப்புக்கு மேலே பலகையில் அதன் இடத்தில் வைத்தேன்.

நிலூஷா குடித்துவிட்டு, “ஓக்கே அப்பாயி” என்றாள். அது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். அதுவும் ஓக்கேதானாம்.

ஏப்ரல் 2

தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் இறக்கி வைத்து, கொதி அடங்கிய பிறகு ஊற்றிப் பார்த்தேன். கசப்பு குறைந்தது. ஆனால் குடித்து முடித்த பிறகு அடித்தொண்டையில் என்னவோ நிற்கிறது. தெரிந்த ஆள்தான், பெயர் வரவில்லை.

ஏப்ரல் 11

பெருநாள். பக்கத்து வீட்டு ஜஹானா வட்டிலாப்பம் கொண்டுவந்தாள். விடுவேனா? உட்கார வைத்துக் கோப்பி கொடுத்தேன்.

“நல்லம்தான் ஈக்கிது, மூக்காயிக்கா” என்றாள். பிறகு கிளாசைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். “கோவிக்காதீங்க. கருவாட்டு வாசம் ஒண்டு வருது.”

பலகையைப் பார்த்தேன். கோப்பி டின். அதற்குப் பக்கத்தில் ஆணியில் கருவாட்டுப் பை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான். புகை பட்டால் பூச்சி வராது என்று வைத்தது.

டின்னைத் திறந்து முகர்ந்தேன். எனக்குக் கோப்பி வாசம்தான் வந்தது.

ஏப்ரல் 28

புதிதாக வறுத்ததை மூடி இறுக்கமான போத்தலில் அடைத்து, என் அலுமாரியில் சீலைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். இன்று அதில் ஒரு கிளாஸ், பலகை டின்னில் ஒரு கிளாஸ். மாற்றி மாற்றிக் குடித்தேன்.

ஜஹானா சொன்னது சரி.

வீட்டில் விசாரித்தேன். கணேஸ், “கோப்பின்னாலே அப்பிடித்தாம்மா இருக்கும்னு நெனச்சேன். கடைக் கோப்பியிலதான் ஏதோ கொறையும்” என்றான். தவமணி கோப்பி குடித்தால் நெஞ்செரியும் என்று கல்யாணமாகி வந்த நாள் முதல் தேத்தண்ணி குடிப்பவள். அலுமாரிக் கோப்பியை இரண்டு கிளாஸ் குடித்தாள். நெஞ்சு எரிந்ததா என்று கேட்டேன். “இன்னிக்கி இல்ல மாமி.” சரி. ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

அவருக்குக் கருவாட்டோடு சேர்த்தே பிடித்துப் போயிருக்கும். பிடிக்காமலா பிளாஸ்க் காலியாக வந்தது?

ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை

வீரம்மா வந்தாள். முகர்ந்தாள். குடித்தாள். கிளாசைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்தாள். “இன்னொரு கிளாஸ் ஊத்துங்க மதினி.”

ஊற்றினேன். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“ஒங்கண்ணனும் என் கோப்பியத்தான் தெனம் குடிச்சாரு. நீ பாவங்கிற.”

“எங்க மதினி குடிச்சாரு? விடிய எங்க வீட்டுக்கு வந்து ஒரு கிளாஸ் வாங்கிக் குடிச்சிட்டுல்ல டியூட்டிக்குப் போவாரு. ஒங்க பிளாஸ்க்க எங்க கொய்யா மரத்துல கவுத்துருவாரு.”

“தெனமுமா?”

“லீவு நாளு தவிர.”

தவமணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அதையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

“மதினிக்கிட்ட மூச்சு விடாதன்னு என் தலையில கைய வச்சு சத்தியம் வாங்கிட்டாரு. கருவாடு நாறுதுன்னு ஒரு தடவ சொன்னா, நீங்க சாகுற வரைக்கும் மறக்க மாட்டீங்களாம்.”

லீவு நாளில் காலை முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பார். சாமி பக்தி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தக் கொய்யாவைத்தான் வருஷா வருஷம் பை நிறைய அனுப்பினாள். நல்ல இனிப்பு. எரு என்ன போடுகிறாய் என்று நானே கேட்டிருக்கிறேன். சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று இன்றைக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் 5

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 8

நடந்தது எதையும் நான் மறப்பதில்லை. அவர் பிளாஸ்க்கைக் கழுவுகிற இடத்தில் வைக்கிற சத்தம்கூட இருக்கிறது. “நல்லாருக்கு” என்று சொல்லும்போது முகத்தை என்ன மாதிரி வைத்திருந்தார் என்பதும் இருக்கிறது. நல்ல மாதிரிதான் வைத்திருந்தார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பேசாமல் இருந்திருப்பேன், ஒரு மாசம். அப்புறம்? அப்புறம் டின்னை எடுத்து அந்தப் பக்கம் வைத்திருப்பேன். அவ்வளவுதானே மனுசா? ஒரு டின்னு. நகத்தி வச்சிருக்க மாட்டேனா?

விடியக் கருக்கலில் எழும்பி அடுப்பு மூட்டினேனே, மழையென்றும் பனியென்றும் பார்க்காமல் — ஒரு கொய்யா மரத்துக்கா?

செப்டம்பர் 15

வீரம்மா வந்தாள். சும்மா வந்தேன் என்றாள். போன ஞாயிறும் சும்மாதான் வந்தாள். கோப்பி கொடுத்தேன்.

2025 ஜனவரி 26

பழைய டின்னைத் தேடி எடுத்தேன். கொஞ்சம் கொட்டையைக் கரியாக வறுத்து, கொத்தமல்லி சேர்த்து இடித்துப் போட்டு, பலகையில் கருவாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். தவமணி பார்த்தாள். கேட்கவில்லை. வரவரப் புத்தி வருகிறது.

பிப்ரவரி 8, சனி

தெவசம். இந்த வருஷம் திதி இன்றைக்கு. போன வருஷத்து ஆட்கள் எல்லோரும் வந்தார்கள்.

ஆட்களுக்கு அலுமாரிக் கோப்பி. படத்துக்கு முன்னால் அவருடைய பிளாஸ்க். அதில் பழைய டின் கோப்பி. மூடியைத் திறந்து வைத்தேன். கணேஸ் ஊதுபத்தியை இன்னும் இரண்டு கொளுத்தினான்.

வீரம்மா மூக்கைப் பிடித்தாள். “ஐயோ மதினி, அண்ணனுக்கு இதையா வச்சீங்க?”

“நல்லாருக்குன்னாரு” என்றேன்.

படையல் கோப்பியை யாராவது குடிக்க வேண்டும், அதுதான் வழக்கம். யாரும் கை நீட்டவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

சாயந்தரம் எல்லோரும் போன பிறகு பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மீதி வந்திருக்கிறது.

வீரம்மாவை விட்டுவிட்டேன். அண்ணன் வாங்கிய சத்தியம், அவள் என்ன செய்வாள்? அப்பளத்தையும் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். தவமணியின் நெஞ்செரிச்சலை அவள் நடப்பைப் பார்த்து முடிவு செய்யலாம்.

மன்னிக்க முடியாத ஆள் ஒருவர்தான். வாயால் சொல்லித்தான் பழக்கமில்லை. எழுதினால் என்ன?

இருளப்பன்.